பதினாறு பக்கம், ஒரு கோழி: சிறுவர் நூலுக்குப் படம் வரைய வருகிறவர்களுக்கு

சிறுவர் நூலுக்குப் படம் வரைய ஆசைப்படுகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கை நன்றாகவே ஓடும். முகம் வரும், மாடு வரும், மரம் வரும். முதல் புத்தகம் தடுக்கி விழுவது வேறு இடத்தில். ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக யோசித்து வரைந்துவிட்டு, பிறகு கதையோடு ஒட்டவைக்கப் பார்க்கிறார்கள். புத்தகத்தைக் கையில் வாங்கிய குழந்தை முதலில் செய்கிற வேலை பக்கத்தைத் திருப்புவது. திருப்பும் முன் என்ன தெரிகிறது, திருப்பியதும் என்ன தெரிகிறது என்பது முடிவாகட்டும். பேனாவும் வண்ணமும் அப்புறம்.

வெறுமனே சொன்னால் பிடிபடாது. ஒரு சின்னக் கதையை வைத்துக்கொள்வோம். மல்லி, அவளுடைய ஆயா, கட்டைப்பைக்குள் ஒரு கோழி. காட்பாடியில் பேருந்து ஏறி வேலூர் லாங் பஜாருக்குப் போகிறார்கள். கோழி பையிலிருந்து நழுவி வண்டி முழுக்கச் சுற்றுகிறது. கடைசியில் கண்டக்டரின் தோல்பைக்குள் ஒரு முட்டை. இந்தக் கதையை 16 பக்கத்தில் எப்படிப் புத்தகமாக்குவது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

எழுத்தில் கோழியே வேண்டாம்

முதல் வேலை கதையைப் பென்சிலால் வெட்டுவது. “கோழி மெதுவாகப் பையிலிருந்து எட்டிப் பார்த்தது” என்று எழுத்தில் இருந்தால் அடித்துவிடுங்கள். அதைப் படம் காட்டும். எழுத்தில் “மல்லியும் ஆயாவும் பேருந்தில் ஏறினார்கள். உட்கார இடம் கிடைத்தது” என்று மட்டும் நிற்கட்டும். வாசித்துக் காட்டும் பெரியவருக்குத் தெரியாத ஒன்று மடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். “கோழி, கோழி!” என்று அது கத்துவதில்தான் புத்தகமே இருக்கிறது.

இது பழைய வித்தை. இங்கிலாந்தின் ராண்டால்ஃப் கால்டிகாட் 1882-ல் ஒரு மழலைப் பாட்டுக்குப் படம் வரைந்தார். தட்டு கரண்டியோடு ஓடிப்போனது என்று பாட்டு முடிகிறது. கால்டிகாட் அங்கே நிற்கவில்லை. தட்டு சுக்குநூறாகக் கிடக்க, கத்தியும் முள்கரண்டியும் கரண்டியை இழுத்துக்கொண்டு போவதாக இன்னொரு படம் போட்டார். பாட்டில் அதற்கு ஒரு சொல்கூட இல்லை. 1968-ல் பேட் ஹட்சின்ஸ் போட்ட ஒரு புத்தகத்தில் மொத்த எழுத்தும் 32 ஆங்கிலச் சொற்கள்தாம். கோழி தோட்டத்தில் உலாவுவதை மட்டும் அவை சொல்கின்றன. பின்னாலேயே வரும் நரியை எந்தச் சொல்லும் குறிப்பிடுவதில்லை, ஆனால் ஏறக்குறைய எல்லாப் படத்திலும் நரி உண்டு.

சோதிப்பது சுலபம். எழுத்தைக் கையால் மறைத்துப் படத்தைப் பாருங்கள். பிறகு படத்தை மறைத்து எழுத்தைப் படியுங்கள். இரண்டிலும் ஒரே சேதி வந்தால் ஒன்று வீண்.

டம்மி

ஏ4 தாள் 4 எடுத்து ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்து, மடிப்பில் இரண்டு பின் அடித்தால் 16 பக்கம் கிடைக்கும். இதுதான் டம்மி, வரைந்து பார்க்கும் மாதிரிப் புத்தகம். அச்சுக்கு வசதியான அளவு கிரவுன் 1/4. 20×30 அங்குலத் தாள் ஒன்றில் இரு பக்கமும் அடித்தால் சரியாக 16 பக்கம் விழும். வெட்டி முடித்தபின் பக்கம் ஏறக்குறைய 7¼×9½ அங்குலம். மடித்த ஏ4-ன் விகிதம் இதைவிட நீளம். அதனால் டம்மியின் உயரத்தில் 16 மி.மீ. வெட்டிவிட்டால் கிரவுன் 1/4-ன் விகிதம் வந்துவிடும். இதைச் செய்யாமல் வரைந்துவிட்டு, அச்சகத்தில் தலையும் காலும் வெட்டுப்படுகிறது என்று புலம்புகிறவர்கள் அதிகம். அழகாக இருக்கிறதே என்று 9×9 அங்குலச் சதுரம் கேட்பவர்களும் உண்டு. அதே தாளில் ஆறு இலைக்கு மேல் வராது, மிச்சமெல்லாம் கழிவுக்குப் போகும், அதன் காசு புத்தக விலையில் ஏறும்.

அட்டை தனி. உள்ளே 1 தலைப்பு, 2 பதிப்பு விவரம். கதைக்கு மிஞ்சுவது 14 பக்கம்: தனியாக 3, பிறகு 4–5 முதல் 14–15 வரை ஆறு இரட்டைப் பக்கங்கள், கடைசியாகத் தனியாக 16. மல்லியின் பயணத்தை இப்படிப் பங்கிடலாம்:

3: நிறுத்தத்தில் ஆயாவும் மல்லியும். பையிலிருந்து ஒரே ஒரு வால் இறகு நீட்டிக்கொண்டிருக்கிறது.
4–5: பேருந்துக்குள். பை இன்னும் கனமாகத் தெரிகிறது.
6–7: இருக்கைகளுக்கு அடியில் கால்கள் மட்டும். செருப்பு, கொலுசு, ஷூ, நடுவில் இரண்டு மஞ்சள் கால்.
8–9: பாலாற்றுப் பாலம்.
10–11: பாலம் தாண்டிக் கூட்டம் ஏறியாயிற்று. யார் கூடையில் கோழி?
12–13: திடீர் பிரேக். எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறார்கள்.
14–15: இறங்கும் இடம். 15-ல் கண்டக்டர் சில்லறைக்காகப் பைக்குள் கை விடுகிறார்.
16: உள்ளங்கையில் முட்டை. எழுத்து கிடையாது.

இதில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். ஒற்றைப்படை எண்கள் எப்போதும் வலப்பக்கம். கேள்வி எழ வேண்டிய படம் வலப்பக்கத்தில், பதில் தாளைத் திருப்பிய பின். கை பைக்குள் போவதும் முட்டை வெளியே வருவதும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்தால் வேடிக்கை செத்துவிடும். இன்னொன்று 8–9. நடுவில் பின் அடிக்கும் 16 பக்கப் புத்தகத்தில் அந்த ஒரு ஜோடிதான் ஒரே தாளில் வெட்டில்லாமல் விரியும். மற்ற ஜோடிகளில் இடமும் வலமும் வெவ்வேறு தாள். அச்சில் நிறமோ கோடோ ஒரு மி.மீ. விலகலாம். பாலத்தின் நீண்ட கோட்டை 8–9-ல் போட்டதற்குக் காரணம் இதுதான். பாலாறும் அதற்குத் தோதாக இருக்கிறது. இவ்வளவு அகலமாக மணல் பரந்து கிடக்கும் காட்சிக்கு இரட்டைப் பக்கம் வேண்டும்.

படத்தின் அளவும் பேசும். மாரிஸ் செண்டாக் 1963-ல் வெளியிட்ட, காட்டு உருவங்களிடம் போகும் சிறுவனின் கதையில், முதல் படம் வெள்ளைத் தாளில் சின்னக் கட்டமாக நிற்கும். பையனின் கற்பனை வளர வளரக் கட்டமும் வளர்ந்து, கொண்டாட்டம் உச்சிக்கு வரும்போது மூன்று இரட்டைப் பக்கங்கள் எழுத்தே இல்லாமல் ஓடும். நம் கதையிலும் 3-ஆம் பக்கத்துப் படம் சிறிதாக இருக்கட்டும். 12–13 விளிம்பு வரை வழியட்டும்.

டம்மியில் வரைவது குச்சி மனிதர்கள் போதும். அழகாக வரைந்துவிட்டால் மாற்ற மனசு வராது. மூன்று டம்மியாவது கிழியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளையிடம் கொடுத்து, எந்தப் பக்கத்தில் தாளைத் திருப்பும் கை தாமதிக்கிறது, எங்கே இரண்டு தாளாகத் தாவுகிறது என்று மட்டும் பாருங்கள். “நல்லா இருக்கா?” என்று கேட்காதீர்கள், “நல்லா இருக்கு” என்றுதான் சொல்லும்.

பேருந்து எந்தப் பக்கம் போகிறது?

தமிழ்ப் புத்தகம் இடமிருந்து வலம் ஓடுகிறது. போகிறவர் வலம் நோக்கிப் போனால் பயணம் மாதிரித் தெரியும், இடம் நோக்கினால் திரும்பி வருவது போலவோ எதையோ எதிர்ப்பது போலவோ தோன்றும். ஆகவே மல்லியின் பேருந்து வலம் நோக்கி ஓட வேண்டும். இங்கேதான் ஒரு சிக்கல். நம்மூர் வண்டியில் படிக்கட்டு இடப்பக்கம். வலம் நோக்கி நிற்கும் பேருந்தைப் பக்கவாட்டில் வரைந்தால் நமக்குத் தெரிவது டிரைவர் பக்கம், அதில் ஏறும் படியே இல்லை. அந்தப் பக்கத்தில் படி வைத்து வரைந்த புத்தகத்தை வேலூர்ப் பிள்ளை முதல் பார்வையிலேயே பிடித்துவிடும். தீர்வு, ஏறும் காட்சியைப் பேருந்துக்கு உள்ளிருந்து வரைவது. அதனால்தான் 4–5 உள்ளே நடக்கிறது.

இப்படிப்பட்ட விவரத்துக்கு இணையத்தில் படம் தேடுவதைவிடப் பழைய பேருந்து நிலையத்தில் அரை மணி நேரம் நிற்பது மேல். நோட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோட்டுப்படம். கண்டக்டர் நோட்டுகளை விரலிடுக்கில் செருகியிருக்கும் விதம், தோல்பையின் வாய் எப்படி மடிகிறது, கம்பியைப் பிடிக்கும் குள்ளமான பிள்ளையின் முழங்கை எவ்வளவு நீளுகிறது, இவையெல்லாம் அங்கே கிடைக்கும். மலையும் அப்படித்தான். பச்சை முக்கோணம் இரண்டு, நடுவில் சூரியன், ஓரத்தில் தென்னை என்று பள்ளியில் பழகிய படத்தை வேலூரில் உட்கார்ந்துகொண்டு வரைவது கொடுமை. இங்கே நிற்பது பாறைக் குன்று: உருண்டைக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று, இடுக்கில் முட்செடி, வெயிலில் வெளுத்த பழுப்பு. உச்சியில் கோட்டைச் சுவரின் மிச்சம்.

மல்லி எல்லாப் பக்கத்திலும் மல்லியாக இருக்க

பழைய வடாற்காட்டின் தெருக்கூத்துக் களத்தில் நல்ல பாடம் இருக்கிறது. கட்டை வேடக்காரர் எடை குறைந்த மரத்தில் செய்த கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி வருகிறார். அறுபது அடி தள்ளிப் பாயில் உட்கார்ந்திருப்பவருக்கு முகம் தெரியாவிட்டாலும் வருவது ராஜா என்று உருவக்கோட்டிலேயே தெரிகிறது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரனுக்கு அந்தக் கனம் கிடையாது, அவன் உருவக்கோடே வேறு. நீங்களும் பாத்திரங்களை முதலில் கறுப்பு மை நிரப்பிய நிழலுருவாக வரைந்து பாருங்கள். மல்லி, ஆயா, கண்டக்டர் மூவரும் நிழலிலேயே வேறுபட வேண்டும். மல்லிக்கு இரட்டைச் சடை, ஆயாவுக்கு இடுப்பில் கை, கண்டக்டருக்குத் தொங்கும் பை. ஒன்றைப்போல் ஒன்று தெரிந்தால் முகத்தைத் திருத்திப் பயனில்லை, உருவத்தை மாற்றுங்கள்.

பிறகு ஒரு மாதிரித் தாள்: மல்லி முன்னால், பக்கவாட்டில், முக்கால் திரும்பலில், முதுகுப்புறம், ஓடும்போது, அழும்போது. உயரத்தைத் தலைக்கணக்கில் குறித்துவையுங்கள். பெரியவர் ஏழு முதல் ஏழரைத் தலை, ஐந்தாறு வயதுப் பிள்ளை ஏறக்குறைய ஐந்தரைத் தலை. படக்கதையில் நான்காகக் குறைக்கலாம், ஆனால் எல்லாப் பக்கத்திலும் அதே நான்கு. குழந்தையின் கண், தலையின் பாதிக்குச் சற்றுக் கீழே இருக்கும். மேலே ஏற்றினால் மல்லி குட்டி அத்தையாகிவிடுவாள்.

அச்சு வளர்ந்ததும் கோடு மாறியதும்

வரலாற்றை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. எந்தக் காலத்து ஓவியரின் கோட்டைப் பார்த்தாலும் பின்னால் ஒரு அச்சு இயந்திரம் நிற்கும். 1658-ல் நியூரம்பர்க்கில் கொமேனியஸ் வெளியிட்ட படப் பாடநூலில் மரக்கட்டை அச்சு. படத்திலுள்ள பொருளுக்கு எண், பக்கத்தில் அதே எண்ணோடு சொல். மரக்கட்டை, ஈய எழுத்தின் உயரத்துக்கு நிற்பதால் இரண்டையும் சேர்த்துப் பூட்டி ஒரே தடவையில் அடிக்கலாம். செப்புத் தகட்டில் மை பள்ளத்தில் நிற்கும், அதற்கு வேறு அழுத்தி வேண்டும். அதனால்தான் செப்புப் படங்கள் பெரும்பாலும் தனித் தாளில் வந்தன. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தாமஸ் பீவிக் மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் உளியால் கீறி மயிரிழைக் கோடு கொண்டுவந்தார். படம் மறுபடி எழுத்தோடு ஒரே பக்கத்துக்கு வந்தது. எட்மண்ட் எவன்ஸ் என்ற அச்சகர் வண்ணத்துக்கு ஒரு கட்டை என்று அடித்துக் கால்டிகாட்டின் நூல்களைக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். பீட்ரிக்ஸ் பாட்டரின் முயல் கதை 1902-ல் சந்தைக்கு வந்தபோது மூவண்ணப் புகைப்பட அச்சு வந்துவிட்டது. மென்மையான நீர்வண்ணம் அப்படியே பதிந்தது. பிள்ளையின் கைக்கு அடங்கும் சின்ன அளவும் அவருடைய பிடிவாதம்தான்.

தமிழில் அம்புலிமாமா 1947 ஜூலையில் வந்தது, தெலுங்குப் பதிப்போடு சேர்ந்து. அதில் வேதாளத்தைத் தோளில் சுமந்து வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்த சங்கர் என்ற கே.சி. சிவசங்கரன் 2020-ல் காலமானார், மறு ஆண்டு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. படம் அச்சடிக்கப் பயன்பட்ட துத்தநாக லைன் பிளாக்கில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, நடுவில் சாம்பல் கிடையாது. அந்தக் காலப் பத்திரிகை ஓவியர்கள் நிழலைக் குறுக்குக் கோடுகளாகவே போட்டதற்கு அது ஒரு காரணம். பிறகு ஆஃப்செட் வந்து எதையும் எங்கேயும் அச்சடிக்க வழி செய்தது. சென்னையில் 1994-ல் தொடங்கிய தாரா புக்ஸ் சில நூல்களைக் கையால் சில்க் ஸ்கிரீனில், நிறத்துக்கு ஒரு திரையாக அடிக்கிறது. அந்த முறைக்கு வரைந்தால் தட்டையான நிறமும் தெளிவான விளிம்பும் வேண்டும். நீர்வண்ணக் கசிவு அங்கே எடுபடாது. ஆகவே புத்தகம் எப்படி அச்சாகப்போகிறது என்று தெரியாமல் தூரிகையை நனைக்காதீர்கள்.

தாள், வண்ணம், வேலூர் வெயில்

இரட்டைப் பக்கத்தின் அளவு 368×241 மி.மீ. நான்கு ஓரத்திலும் ப்ளீட், அதாவது வெட்டில் போவதற்கென்று கூடுதலாக விடும் படம், 3 மி.மீ. சேர்த்தால் 374×247. ஏ3 தாளில் அசல் அளவிலேயே அடங்கும். நீர்வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் தாள் வாங்குங்கள், அதற்குக் குறைந்தால் அலை அலையாக வளையும். தூரிகை வட்ட முனையில் 2, 6, 10 மூன்று போதும். கோட்டுக்கு நீரில் கரையாத இந்தியன் இங்க். ஃபவுண்டன் பேனா மையில் கோடு போட்டு மேலே வண்ணம் பூசினால் மல்லியின் முகத்தில் நீலம் ஒழுகும்.

அக்னி நட்சத்திரத்தில் வானத்துக்கு வண்ணம் இழுத்தால் தூரிகை மறுமுனைக்குப் போவதற்குள் தொடங்கிய இடம் காய்ந்து வரி விழும். பெரிய பரப்புகளைக் காலை எட்டு மணிக்குள் முடியுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். தாளின் இரு பக்கத்தையும் ஸ்பாஞ்சால் நனைத்து, பலகையைச் சற்றுச் சாய்த்து, தேவைக்கு இரு மடங்கு வண்ணம் கலந்துவைத்துக்கொண்டு ஒரே வீச்சில் கீழே இறக்குங்கள். காய்ந்த வரியைத் திரும்பத் திரும்பத் தேய்த்தால் தாளின் மேல்தோல் எழும்பும், பிறகு அந்த இடம் அழுக்காகவே இருக்கும். போஸ்டர் கலர் என்றால் மோர்க் குழம்புப் பதத்துக்கு மேல் கெட்டி வேண்டாம், தாள் வளையும்போது வெடிக்கும். காய்ந்த பிறகும் நீரில் கரையும் சரக்கு அது, மேல்பூச்சை ஒரே இழுப்பில் முடிக்காவிட்டால் அடியிலுள்ள நிறம் கிளம்பி வரும்.

மல்லியின் பாவாடை 3-ஆம் பக்கத்தில் ஒரு சிவப்பு, 12-ல் இன்னொரு சிவப்பு என்று ஆகாமலிருக்க, பக்கம் பக்கமாக முடிக்காதீர்கள். எல்லாப் பக்கத்துக் கோட்டுப்படமும் தயாரான பின், ஒரு நாள் எல்லாப் பாவாடையும், இன்னொரு நாள் எல்லாப் பேருந்தும். ஒரே கலவை, ஒரே அமர்வு.

எழுத்துக்கு இடம், அச்சகத்துக்குக் கோப்பு

டம்மியிலேயே எழுத்தை உண்மையான அளவில் அடித்து ஒட்டிப் பாருங்கள். தொடக்க வாசகருக்கு 20 பாயிண்ட், வரிக்கு வரி 30 பாயிண்ட். மேலே விசிறி, கீழே சுழி என்று நம் எழுத்து இரு பக்கமும் நீளுவதால் வரிகளை நெருக்கினால் முட்டிக்கொள்ளும். “ஏறிக்கொண்டிருந்தார்கள்” என்ற ஒற்றைச் சொல் வரியில் பாதியைத் தின்றுவிடும். எழுத்து விழும் இடம் வெற்று வானமாகவோ வெளிறிய சுவராகவோ இருக்கட்டும். படத்துக்குள் கையால் எழுத்து எழுதாதீர்கள். பிழை திருத்தவும் முடியாது, வேறு மொழிக்குப் போகவும் முடியாது. பேருந்தின் ஊர்ப்பலகையைக்கூடத் தனி அடுக்கில் வையுங்கள்.

முகம், கை, எழுத்து மூன்றும் வெட்டு ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே. மடிப்பில் முகம் கூடாது. முதுகில் பசை போட்டுக் கட்டும் புத்தகமாக இருந்தால் மடிப்புப் பக்கம் இன்னும் தாராளமாக விடுங்கள், அது விழுங்கும். ஸ்கேன் அசல் அளவில் 300 டிபிஐ: இரட்டைப் பக்கம் ஒன்று ஏறக்குறைய 4,420×2,920 பிக்சல் வரும். ஏ4 ஸ்கேனர்தான் இருக்கிறது என்றால் இரண்டு துண்டாக, 3 செ.மீ. மேற்படிய எடுத்து இணையுங்கள். கைப்பேசியில் படமெடுத்து அனுப்புவது மாதிரி காட்டத்தான் உதவும். திரையில் மின்னும் கிளிப்பச்சையும் ஊதாவும் அச்சின் நான்கு நிற முறையான சிஎம்ஒய்கே-க்கு மாற்றியதும் மங்கும், முன்பே மாற்றிப் பார்த்துவிடுங்கள். பளபளப்புப் பூச்சில்லாத மேப்லித்தோ தாள் மையை உறிஞ்சி இருட்டாக்கும், படத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கிக் கொடுங்கள். எழுத்து கறுப்பு மை 100% மட்டும். நான்கு நிறத்திலும் கறுப்பு வைத்தால் தட்டு இம்மி விலகினாலும் எழுத்துக்கு நிழல் விழும்.

கையெழுத்துப் போடும் முன்

வாய்ப்பேச்சில் வேலை வாங்காதீர்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதல் உரிமை சொன்னவருக்கே போக இடமிருக்கிறது. உரிமை உங்களிடமே இருந்து, அதை எழுதிக் கொடுக்கிறீர்கள் என்றால் 19-ஆம் பிரிவு பொருந்தும்: உரிமைமாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா என்று கொள்ளப்படும். ஆகவே ஒப்பந்தத்தில் எந்த மொழிகள், எத்தனை ஆண்டு, மின்நூலுக்கு உண்டா, அசல் ஓவியம் யாரிடம், எத்தனை முறை திருத்தம், அட்டையில் உங்கள் பெயர் ஆகியவை எழுத்தில் வரட்டும். பணத்தை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: டம்மி ஒப்புக்கொண்டதும், பென்சில் படம் முடிந்ததும், கோப்பு கொடுத்ததும். திருத்தத்தைப் பென்சில் நிலையிலேயே முடிக்கச் சொல்லுங்கள். வண்ணம் பூசிய பிறகு “ஆயாவுக்குக் கண்ணாடி போடலாமே” என்று வந்தால் அதற்குத் தனிக் கூலி.

பதிப்பகத்துக்கு மாதிரி அனுப்பும்போது தனித்தனி அழகுப் படம் இருபது அனுப்புவதைவிட, ஒரே கதையின் முழு டம்மியும் அதில் இரண்டு இரட்டைப் பக்கங்கள் வண்ணத்தில் முடித்ததும் போதும். ஒரே பாத்திரம் வேறு வேறு கோணத்தில் மாறாமல் வருகிறதா என்பதைத்தான் அங்கே முதலில் பார்ப்பார்கள். தூலிகா போல இருமொழிப் புத்தகம் போடுகிறவர்களுக்கு அனுப்பினால் இரண்டு மொழி எழுத்துக்கும் இடம் விட்ட டம்மியாக இருக்கட்டும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் திறந்த உரிமத்தில் கதைகள் தமிழிலும் கிடைக்கின்றன. கதை எழுத ஆள் கிடைக்காதவர்கள் அதிலிருந்து ஒன்றை எடுத்துப் புதிதாகப் படம் போட்டுப் பழகலாம், எழுதியவர் பெயரை மட்டும் விட்டுவிடக் கூடாது. பிடிஎஃப் கோப்பு 5 எம்பிக்குள் இருக்கட்டும். கோப்பின் பெயரிலேயே உங்கள் பெயரும் ஊரும் வரட்டும். “ஃபைனல் புதுசு 2” என்ற பெயரில் வரும் கோப்பைத் தேடி எடுக்க யாருக்கும் பொறுமை இல்லை.